முன்னால் குதிக்கும் துப்பாக்கி

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்கிறவருக்கு நிலைமம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வண்டி கிளம்பும்போது உடம்பு பின்னால் சாயும். அதை எதிர்பார்த்துக் கம்பியைப் பிடித்திருப்பார்கள். வழியில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் கதையே வேறு. பின்பக்கம் சாயாமல் இருக்க ஊன்றிய கால் முன்பக்கம் விழும்போது உதவாது. கிளம்புவது நிதானமாக நடக்கிறது. நிற்பது நொடியில் முடிந்துவிடுகிறது. அடி படுவது எப்போதும் இந்த இரண்டாவதில்தான்.

ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிளின் முதுகில் பொருத்திய ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கிக்கும் ஒவ்வொரு முறை சுடும்போதும் இதே பயணம்தான் நேர்கிறது. ஆனால் அதன் கால அளவு நொடியின் நூறில் ஒரு பங்கைச் சுற்றித்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் வண்டி கிளம்பி, ஓடி, பிரேக்கும் அடித்துவிடுகிறது. தோளில் படும் உதைப்பு அற்பமானது. பத்து வயதுப் பிள்ளைகூடத் தாங்கிவிடும். ஆனால் பெரிய வேட்டைத் துப்பாக்கியின் முரட்டு உதைப்பை வருடக்கணக்கில் தாங்கிய ஸ்கோப், இந்தச் சாதுவான கருவியின் மேல் ஏறியதும் சில நூறு குண்டுகளுக்குள் செத்துப்போவதுண்டு. உள்ளே லென்ஸ் கழன்று ஆடும். குறுக்குக்கோடு சாய்ந்து நிற்கும். திருகியைச் சுழற்றினாலும் குறி நகராது. புதிதாக வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார், கடைக்காரர் கம்பெனியைத் திட்டுவார். உண்மையான காரணம் துப்பாக்கிக்குள் ஓடும் பிஸ்டன்.

குழலை ஒடித்து இழுக்கும்போது உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் சுருங்க, பிஸ்டன் பின்னால் போய் விசையின் பிடியில் மாட்டி நிற்கிறது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் ஓட ஓட, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கி பின்னால் நகர்கிறது. இது முதல் உதைப்பு. பெல்லட் குண்டு இன்னும் அசையவே இல்லை. பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசியில், முன்னால் அடைபட்ட காற்றை மெத்தைபோல் அழுத்தி, அதன்மேல் மோதி நிற்கிறது. அழுந்திய காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் சட்டென்று நின்றதால், அதுவரை பின்னால் போய்க்கொண்டிருந்த துப்பாக்கியும் சட்டென்று நிறுத்தப்படுகிறது. பல ரகங்களில் முன்னாலும் குதிக்கிறது. இது இரண்டாவது உதைப்பு.

வெடிமருந்துத் துப்பாக்கியில் இந்த இரண்டாவது பாதி கிடையாது. அங்கே உதைப்பு பின்னால் ஒரு தள்ளு, அத்துடன் சரி. அதற்கென்று வடிவமைத்த ஸ்கோப்பின் உள்பாகங்கள் அந்த ஒரு திசைக்குத்தான் ஊன்றியிருக்கும். கிளம்பும் பஸ்ஸுக்குத் தயாராக நிற்கும் பயணி அது. பிரேக்குக்கு அது தயாராக இல்லை.

அந்த பிரேக் எவ்வளவு கடுமையானது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, பிஸ்டனின் எடை 300 கிராம், அதன் வேகம் நொடிக்கு 12 மீட்டர், துப்பாக்கியின் எடை 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உந்தம் சமமாக இருக்க வேண்டுமென்றால் துப்பாக்கி நொடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் பின்னால் நகரும். பிஸ்டன் ஒரு மில்லி நொடியில் நின்றால் துப்பாக்கியின் அந்த வேகமும் அதே ஒரு மில்லி நொடியில் பூஜ்யமாக வேண்டும். அதாவது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு முடுக்கம். அந்தக் கணத்தில் அரைக் கிலோ எடையுள்ள ஸ்கோப், 45 கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் பிடித்துத் தொங்குவதுபோல் தன் பிடிமானத்தைப் பின்னால் இழுக்கும். உள்ளே இருக்கும் 20 கிராம் லென்ஸ் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும். ரகத்துக்கு ரகம் எண்கள் மாறும், மாறாதது திசை.

திசை முக்கியம் என்பதற்குத் துப்பாக்கியின் முதுகிலேயே சாட்சி இருக்கிறது. ஏர் ரைபிளில் இறுக்கிய ஸ்கோப் நாளாக ஆக வழுக்கி, சுடுபவரின் கண்ணை நோக்கிப் பின்னால் நகரும். துப்பாக்கி நின்றுவிட்டது, ஸ்கோப் நிற்கவில்லை. பிரேக் அடித்த பஸ்ஸில் முன் சீட்டில் போய் இடிப்பவர் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கியில் ஸ்கோப் நழுவினால் முன்பக்கம்தான் நழுவும்.

இந்தியாவில் சக்திவாய்ந்த ஏர் ரைபிள் என்றால் என்ன என்பதைச் சட்டமே எண்களில் சொல்லியிருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இரண்டு கோடுகளை வரைகின்றன. குழல்முனை ஆற்றல் 20 ஜூல், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இரண்டில் எதைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் ரகம் வைத்திருக்க ஆசைப்படுகிறவர், அதன் ஆற்றல் குறைவாகவே இருந்தாலும், உரிமம் கேட்டுத்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எல்லை சுமார் 16 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல். அந்த வகையில் இந்தியாவின் எல்லை தாராளமானது. அரை கிராமைச் சற்றே தாண்டும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை 20 ஜூல் ஆற்றலில் விட்டால் அது நொடிக்கு 275 மீட்டருக்கு மேல் பறக்கும். மெரினா கடற்கரையில் பலூன் சுடுகிற துப்பாக்கியை மனத்தில் வைத்து இதை எடைபோடக் கூடாது.

தளியில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லிட்டில் இங்கிலாந்து என்று செல்லமாக அழைக்கப்படும் ஊர் இது. ரோஜாவும் கொய்மலரும் விளையும் பசுமைக்குடில்களுக்கு அப்பால் காடு தொடங்கிவிடுகிறது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக்கூட்டங்கள் இறங்கிவரும் தடம் இது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. கள்ள நாட்டுத்துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையும் வனத்துறையும் மீண்டும் மீண்டும் அறிவிக்கிற மாவட்டமும் தளி இருக்கும் இந்தக் கிருஷ்ணகிரிதான். உரிமம் தேவைப்படாத ஏர் ரைபிளாக இருந்தாலும் அதை வைத்து முயலையோ மயிலையோ சுட்டால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைதான். மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் இந்தச் சட்டம் மாறிவிடாது. ஆகவே இங்கே பேசப்படும் ஸ்கோப், சொந்த நிலத்தில், பின்னால் மண்மேடு போட்டு, அட்டைக் குறியையும் காலி டப்பாவையும் சுடுகிறவருக்கானது. துப்பாக்கிக் கழகத்தின் களத்துக்குப் போகிறவருக்கானது.

ஒலிம்பிக்கைப் பார்த்து இந்த ஆசைக்கு வந்தவர்களுக்கு ஒரு செய்தி. அங்கே ஸ்கோப்பே கிடையாது. கடலூரில் பிறந்து டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் தொலைவில் அரை மில்லிமீட்டர் புள்ளியை நடுவாகக் கொண்ட இலக்கைத் துளை வழியே பார்த்துத்தான் குறிவைக்கிறார். கண்ணருகே ஒரு சிறு துளை, குழல்முனையில் ஒரு வளையம். உருவத்தைப் பெரிதாக்கும் லென்ஸுக்கு அனுமதியில்லை. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், இறுதிச்சுற்றுக்கு முந்தைய ஒத்திகையில் தன் குறிக்கருவி இடம்மாறியிருந்ததைக் கண்டு, அவசரமாகத் திருகிச் சரிசெய்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஓசைபடாமல் நகர்ந்துவிட்ட சில கிளிக்குகள் உலகத்தரமான வீரரையே உலுக்கிவிடும் என்றால், ஸ்கோப் வாங்குகிறவர் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது விளங்கும். திருகிய இடத்தில் நிற்பதுதான் ஸ்கோப்பின் முதல் வேலை. உருவத்தைப் பெரிதாக்குவது அதற்கு அடுத்ததுதான்.

திருகிய இடத்தில் நிற்பது என்பது உள்ளே எப்படி நடக்கிறது?

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழல் இருக்கிறது. முன் லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தலைகீழாக விழும். அதை நிமிர்த்தித் தரும் லென்ஸ்கள் இந்த உள்குழலில் இருக்கின்றன. மேலே ஒரு திருகி, பக்கத்தில் ஒரு திருகி அதை அழுத்துகின்றன. எதிர்ப்பக்கத்தில் ஒரு தகட்டு ஸ்பிரிங் அதைத் திருகிகளின்மேல் தள்ளிப் பிடித்திருக்கிறது. திருகியைச் சுழற்றினால் உள்குழல் மயிரிழை அளவு சாய்கிறது, குறி நகர்கிறது. மொத்தத் துல்லியமும் அந்த ஸ்பிரிங்கின் நேர்மையில் இருக்கிறது. இரட்டை உதைப்பில் உள்குழல் ஒரு கணம் ஆடினாலும், ஸ்பிரிங் அதை அச்சுப் பிசகாமல் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்தப் பொறியியல் அன்னியமானதல்ல. டாட்டா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத்தை இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்றாக்கியது. பழைய சாவிக் கடிகாரத்தில் சமனிச் சக்கரத்தின் அச்சுமுனை தலைமுடியைவிடச் சற்றே தடித்தது. கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். அதைக் காப்பாற்ற, அச்சைத் தாங்கும் கல்லை ஒரு குட்டி ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டார்கள். 1930-களில் வந்த இன்காப்லாக் அமைப்பு அந்த வகையில் புகழ்பெற்றது. அதிர்ச்சி வரும்போது கல் நகர்ந்துகொடுக்கும், அதிர்ச்சி தீர்ந்ததும் தன் இடத்துக்கே திரும்பும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான மரப்பரப்பில் விழுந்ததற்கு ஒப்பான அடியைத் தாங்கினால்தான் கடிகாரத்தை அதிர்ச்சி தாங்கக்கூடியது என்று சொல்லலாம் என்பது அனைத்துலகத் தர அளவு. நல்ல ஸ்கோப்பின் உள்குழலும் இதே குணத்தைத்தான் காட்ட வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: கடிகாரம் எப்போதாவதுதான் கீழே விழுகிறது, ஏர் ரைபிளின் ஸ்கோப் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இருநூறு தடவை விழுகிறது.

அதனால் உள்ளே எத்தனை பாகங்கள் நகர்கின்றன என்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. உருவத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்குவரை பெரிதாக்கும் ஸூம் ஸ்கோப்பில் லென்ஸ்கள் தடத்தில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஓடும் பாகத்துக்கு இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் அதிர்ச்சியில் ஆடும். விலையுயர்ந்த ஸ்கோப்பில் அந்த இடைவெளியை நுணுக்கமான கடைசலால் கட்டுப்படுத்துவார்கள். மலிவான ஸ்கோப்பில் அதற்குச் செலவழிக்க மாட்டார்கள். பணம் குறைவு, துப்பாக்கியோ முரட்டு ஸ்பிரிங் ரகம் என்றால், 4 மடங்கு பெரிதாக்கும், 32 மில்லிமீட்டர் முன் லென்ஸ் கொண்ட, ஸூம் இல்லாத ஸ்கோப்தான் புத்திசாலித்தனம். பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது. அதே விலையில் 24 மடங்கு, சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் குறுக்குக்கோடு, தேங்காய் மூடி அளவு முன் லென்ஸ் எல்லாம் கொடுப்பதாக ஒரு பெட்டி பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பெட்டியின் பணம் முழுக்க வெளியில் தெரிகிற விஷயங்களுக்குச் செலவாகியிருக்கிறது. உள்குழலைப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

எதிர்முனையில் இன்னொரு பொறி இருக்கிறது. விரல் தடிமனே உள்ள குழாயும் 20 மில்லிமீட்டர் முன் லென்ஸும் கொண்ட மிக மலிவான 4 மடங்கு ஸ்கோப்புகள் பல துப்பாக்கிகளோடு இலவசமாகவே வருகின்றன. உதைப்பே இல்லாத சின்ன .22 துப்பாக்கிகளுக்காகப் பிறந்த வடிவம் அது. பலம்குறைந்த ஏர் கன்னுக்கு அது போதும். 20 ஜூலை நெருங்கும் ஸ்பிரிங் ரகத்தில் அதை மாட்டுவது காசைக் கரியாக்குவது. குழாய் விட்டம் குறைந்தது 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் கிடைத்தால் திருகிக்கு இன்னும் இடம் தாராளம். குறுக்குக்கோடு கம்பியால் கட்டியதா, கண்ணாடியில் பொறித்ததா என்றும் கேட்க வேண்டும். கம்பி அறுந்துபோகும், பொறித்த கோடு கண்ணாடி உடைந்தால்தான் போகும். லென்ஸ்களைப் பசையால் மட்டும் ஒட்டாமல் மரையிட்ட வளையத்தால் பூட்டியிருந்தால் நல்லது. இதையெல்லாம் கடையில் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால், ஸ்பிரிங் ஏர் ரைபிளில் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா, உத்தரவாதம் அதற்கும் செல்லுமா என்ற இரண்டு கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்ற பொதுவான வாசகம் இதற்குப் பதிலாகாது.

எடையும் கவனிக்க வேண்டியது. கனமான ஸ்கோப் உறுதியானது என்று கை நம்பும். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தால் விஷயம் வேறு: எடை இரட்டித்தால் பிடிமானத்தை இழுக்கும் விசையும் இரட்டிக்கும். 700 கிராம் ஸ்கோப் பிடிமானத்தை 63 கிலோ கனத்தில் இழுக்கும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு 400, 500 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது தொலைவு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் அளவுகோலை நேர்மேலே இருந்து பார்க்கச் சொன்ன ஆசிரியரை நினைவுபடுத்திக்கொண்டால் இடமாறு தோற்றப் பிழை பாதி புரிந்துவிடும். பைக்கின் வேகமுள்ளை ஓட்டுபவர் 50 என்று படிக்கும்போது பின்னால் உட்கார்ந்தவர் 55 என்று படிப்பார். முள்ளும் எண்களும் ஒரே தளத்தில் இல்லாததால் வரும் பிழை அது. ஸ்கோப்பிலும் குறுக்குக்கோடு ஒரு தளத்தில் இருக்கிறது, குறியின் பிம்பம் இன்னொரு தளத்தில் விழுகிறது. ஒரு குறிப்பிட்ட தொலைவில் மட்டும் இரண்டும் ஒன்றாகச் சேரும். வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்புகளில் அந்தத் தொலைவை வழக்கமாக 100 கஜத்துக்கு நிறுத்திவைத்துவிடுவார்கள். ஏர் ரைபிளின் உலகமோ 10 முதல் 50 மீட்டர்.

40 மில்லிமீட்டர் முன் லென்ஸ் கொண்ட ஸ்கோப் ஒன்று 100 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மீட்டர் குறியைப் பார்த்தால், கண் ஓரத்துக்கு நகர்கிற அளவில் குறி 18 மில்லிமீட்டர்வரை தள்ளிப்போகலாம். லென்ஸின் பாதி விட்டத்தை, தொலைவு வித்தியாசத்தால் பெருக்கி, சரிசெய்த தொலைவால் வகுத்தால் இந்த எண் வரும். 18 மில்லிமீட்டர் என்றால் கட்டைவிரல் அகலம். துப்பாக்கி அசையவில்லை, கண்தான் அசைந்தது. உருவமும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே முன் லென்ஸைச் சுற்றியோ பக்கத்திலோ ஒரு வளையத்தைத் திருப்பி, 10 மீட்டர்வரை தெளிவைக் கொண்டுவரக்கூடிய ஸ்கோப் வேண்டும். அதற்குப் பணம் போதாது என்றால், 25, 30 மீட்டருக்கு நிலையாகச் சரிசெய்த ஏர் ரைபிள் ஸ்கோப்பாவது வேண்டும். கைவசம் வேட்டை ஸ்கோப் சும்மா கிடக்கிறதே என்று எடுத்து மாட்டுவதில் லாபமில்லை.

இந்தத் தெளிவு வளையத்துக்கு இன்னொரு பயன் உண்டு. 1980-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேகம் டவுன் என்ற சிற்றூரில் ஏர் ரைபிள்காரர்கள் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். பல தொலைவுகளில் உலோகத்தகடு உருவங்களை நிறுத்தி, அவற்றில் உள்ள சிறு துளை வழியாகப் பெல்லட்டை அனுப்பி விழவைக்க வேண்டும். தொலைவை யாரும் சொல்ல மாட்டார்கள். தெளிவு வளையத்தை உருவம் கூர்மையாகும்வரை திருப்பி, வளையத்தில் எந்த எண் நிற்கிறதென்று பார்த்து அவர்களே தொலைவை அளந்துகொள்வார்கள். ஃபீல்டு டார்கெட் என்ற பெயரில் அந்த விளையாட்டு நாடு நாடாகப் பரவியது. ஏர் ரைபிளுக்கென்றே தனி ஸ்கோப் செய்யும் தொழில் வளர்ந்ததில் இந்த விளையாட்டுக்குப் பெரிய பங்குண்டு.

தொலைவு தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? பெல்லட் விழுகிறது. நொடிக்கு 275 மீட்டரில் கிளம்பிய பெல்லட், காற்று இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, 25 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி எடுக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 5 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிடும். 50 மீட்டரில் இறக்கம் கால் மீட்டரை நெருங்கும். ஸ்கோப்போ குழலுக்கு மேலே 4, 5 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்கோடு நேர், பெல்லட்டின் பாதை வளைவு. பெல்லட் கீழிருந்து ஏறி ஒருமுறை பார்வைக்கோட்டைத் தொட்டு, மேலே போய், இறங்கும்போது இன்னொரு முறை தொடுகிறது. இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் குறுக்குக்கோட்டின் நடுவும் குண்டு விழும் இடமும் ஒன்று. மற்ற தொலைவுகளுக்குக் கோட்டில் கீழே குறித்திருக்கும் சிறு புள்ளிகளையோ கோடுகளையோ பயன்படுத்த வேண்டும். அப்படிப் புள்ளியிட்ட குறுக்குக்கோடு விலையைப் பெரிதாக ஏற்றாது, பயன் அதிகம்.

திருகியின் ஒவ்வொரு கிளிக்கும் பெரும்பாலும் ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கில் கால் பங்கு. 25 மீட்டரில் அது 1.8 மில்லிமீட்டர் நகர்வு. 10 மீட்டரில் முக்கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தால் ஒரு பழைய புதிரை அவிழ்க்கலாம். குழலை ஒடிக்கும் துப்பாக்கிகள் பலவற்றில் குழல்முனை சற்றே தாழ்ந்து நிற்கும். திறந்த குறியில் இது தெரியாது, ஏனென்றால் அந்தக் குறிக்கொம்பும் குழலோடு சேர்ந்தே தாழ்கிறது. ஸ்கோப் மாட்டியதும் தெரிந்துவிடும். 25 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் கீழே விழுந்தால், அதைத் தூக்க 110 கிளிக் மேலே திருக வேண்டும். மலிவான ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே மொத்தமே 120 கிளிக்தான் இருக்கலாம். அவ்வளவு தூரம் திருகி ஏறக்குறைய வெளியே வந்துவிட்டால் உள்குழலைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். அப்புறம் ஒவ்வொரு உதைப்புக்கும் உள்குழல் தன்னிஷ்டத்துக்கு உட்காரும். குண்டுகள் மாரியம்மன் கோவில் சோழிபோல் சிதறும். நல்ல ஸ்கோப்பைக் கெட்டது என்று தூக்கியெறிய வைப்பது பெரும்பாலும் இந்தத் தளர்ச்சிதான். மருந்து ஸ்கோப்பில் இல்லை, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும், பின்பக்கம் சற்று உயரமான மவுண்ட்டில் இருக்கிறது. ஸ்கோப்பையே முன்னோக்கிக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் திருகி நடுவிலேயே நிற்கும். ஸ்பிரிங் முழு பலத்தோடு இருக்கும்.

மவுண்ட் பற்றி வாங்குகிறவர்கள் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டும். ஏர் ரைபிள்களில் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் வாலிணைப்புத் தடம் இருக்கும். வழுவழுப்பான அந்தத் தடத்தில் இரண்டு தனித்தனி வளையங்களைவிட, இரண்டும் ஒரே கட்டையாக அமைந்த மவுண்ட் உறுதியானது. நழுவாமல் தடுக்க அதன் அடியில் ஒரு சிறு முளை இருக்கும். துப்பாக்கியின் முதுகில் அதற்கான குழியும் இருக்கும். ஸ்கோப் பின்னால்தான் நழுவும் என்பதால் முளை குழியின் பின்சுவரில் முட்டி நிற்கும்படி பொருத்த வேண்டும். திருகுகளைப் பல்லைக் கடித்து இறுக்குவது ஆபத்து; அலுமினியக் குழாய் நசுங்கினால் உள்குழல் சிக்கிக்கொள்ளும். வளையத் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவு போதும். சிப்காட் தொழிற்கூடங்களில் டார்க் ரெஞ்சு பிடித்துப் பழகிய கைக்கு இது சொல்லாமலே புரியும்.

இந்தியத் துப்பாக்கிகளின் கதையும் கொஞ்சம். சிமென்ட் குழாய்க்குப் பேர்போன இந்தியன் ஹியூம் பைப் நிறுவனம் ஏர் ரைபிளும் செய்தது. பழைய வீடுகளின் பரணில் இன்றும் அவை கிடைக்கும். ஆழத்துளை போடும் இயந்திரங்கள் செய்யும் குழுமத்திலிருந்து வந்த பிரெசிஹோல், ஸ்பிரிங் ரகத்தோடு காற்று நிரப்பும் ரகத்தையும் உள்நாட்டிலேயே செய்கிறது. இந்தக் காற்று நிரப்பும் ரகம் ஸ்கோப் கணக்கையே மாற்றிவிடுகிறது. அதன் சிலிண்டரில் 200 பார் அளவு அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும்; கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் நூறு மடங்கு. விசையை இழுத்தால் ஒரு வால்வு திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். ஓடி மோதும் பிஸ்டன் இல்லை, இரட்டை உதைப்பும் இல்லை. அதில் எந்த ஸ்கோப்பும் பிழைத்துக்கொள்ளும். கண்ணாடியின் தெளிவுக்கே பணத்தைப் போடலாம். ஸ்பிரிங்குக்குப் பதில் அடைபட்ட வாயு தள்ளும் ரகத்தில் மட்டும் ஏமாறக் கூடாது: அங்கேயும் பிஸ்டன் ஓடுகிறது, அங்கேயும் மோதுகிறது.

ஒளியைப் பற்றிய கணக்கு எளிது. முன் லென்ஸின் விட்டத்தைப் பெரிதாக்கும் மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 32 மில்லிமீட்டரை 4-ஆல் வகுத்தால் 8. இருட்டில் முழுக்க விரிந்த கண்மணியே சுமார் 7 மில்லிமீட்டர்தான். 40 மில்லிமீட்டர் லென்ஸில் 24 மடங்கு வைத்தால் ஒன்றே முக்கால்கூட இல்லை. ஊசித்துளை வழியாகப் பார்ப்பது மாதிரி. இருண்ட விடியலில் தளியின் மலர்க்குடில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் எளிமையான 4 மடங்கு ஸ்கோப் அந்த 24 மடங்கு ஸ்கோப்பைத் தோற்கடிக்கும்.

வாங்கிய பிறகு, உத்தரவாதம் உயிரோடு இருக்கும்போதே சோதித்துவிட வேண்டும். முதலில் பெட்டிச் சோதனை. 25 மீட்டரில் அட்டையை நிறுத்தி, ஒரே புள்ளியைக் குறிவைத்தபடி ஐந்து குண்டு. 20 கிளிக் மேலே, ஐந்து குண்டு. 20 கிளிக் வலம், பிறகு கீழே, பிறகு இடம். அட்டையில் ஒரு சதுரம் வரைந்தது மாதிரி குழுக்கள் விழ வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்றரை சென்டிமீட்டரைச் சுற்றி இருக்க வேண்டும். கடைசிக் குழு முதல் குழுவின்மேலேயே விழுந்தால் உள்குழலின் ஸ்பிரிங் தேறிவிட்டது. விழாவிட்டாலும் உடனே ஸ்கோப்பைக் குற்றம் சொல்லக் கூடாது. ஸ்பிரிங் துப்பாக்கி பிடிக்குப் பிடி வேறுமாதிரி சுடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், உள்ளங்கையில் சும்மா ஏந்தினால் இன்னொரு இடம். மரச்சட்டத் திருகு தளர்ந்திருந்தாலும் குண்டு சிதறும். திறந்த குறியில் சுட்டுப் பார்த்து, அதில் குழு நெருக்கமாக வந்து ஸ்கோப்பில் மட்டும் சிதறினால்தான் ஸ்கோப்பின்மேல் வழக்கு நிற்கும்.

இரண்டாவது சோதனை இந்த ஊருக்கென்றே ஏற்பட்டது. தளிப் பக்கம் மார்கழியில் பனி இறங்கும்போது, ஸ்கோப்புக்குள் ஈரக்காற்று இருந்தால் அது லென்ஸின் உள்முகத்தில் நீராகப் படியும். இதைத் தடுக்கத்தான் காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைக்கிறார்கள். இரட்டை உதைப்பு நாளடைவில் அந்த அடைப்பையும் தளர்த்திவிடும். ஸ்கோப்பை ஒரு பாலித்தீன் பையில் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் போதும். வெளிமுகத்தில் உடனே பனி பூக்கும். அது இயல்பு, மெல்லிய துணியால் ஒற்றிவிடலாம். துடைத்த பிறகும் உள்ளிருந்து வெண்மூட்டம் தெரிந்தால் பில்லையும் ஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். உள்ளே தெளிவாக இருந்தால் மாட்டலாம். மாட்டியபின் மவுண்ட்டின் விளிம்பை ஒட்டிக் குழாயிலும் தடத்திலும் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வைத்துவிட்டு, ஐம்பது குண்டு சுட்டதும் அந்தக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.